பழவேற்காடு முதல் குமரி வரை: ஒரு பழைய மெட்டடாரில்

கும்மிடிப்பூண்டியில் வாழ்கிறவர்களுக்கு நெடுஞ்சாலை என்பது ஊரை ஒட்டி ஓடும் ஓர் ஆறு. சென்னையிலிருந்து கல்கத்தா வரை செல்லும் அந்தச் சாலையைப் பெரியவர்கள் இன்றும் ‘ஜி.என்.டி. ரோடு’ என்றே அழைக்கிறார்கள். ஐந்தாம் எண் என்பது மாறிப் பதினாறாம் எண் தேசிய நெடுஞ்சாலையாகி ஆண்டுகள் பலவாகியும் வாய் பழைய பெயரை விடவில்லை. இரவெல்லாம் லாரிகள் போகும். காலையில் சாலையோரத்துப் புளியமர இலைகள் மீது இரும்புத் தூசி படிந்திருக்கும். எளாவூர் சோதனைச் சாவடிக்கு அருகே ஆந்திரத்துக்கும் ஒடிசாவுக்கும் வங்கத்துக்கும் போகிற வண்டிகள் வரிசையாக நிற்கும். இத்தனை பேர் எங்கோ போய்க்கொண்டிருக்கும் இடத்தில் பிறந்து வளர்ந்தும், எங்கும் போகாதவர்கள்தாம் எங்கள் ஊரில் அதிகம்.

என் தந்தையார் அவர்களுள் ஒருவர். தொழில் வண்டி ஓட்டுவதுதான்! சிப்காட் தொழிற்பேட்டையின் ஆலைகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஷிப்டு வேன் அவருடையது. காலை ஆறு, பிற்பகல் இரண்டு, இரவு பத்து என மூன்று மணியோசைகளுக்கு அடங்கியது அவருடைய வாழ்வு. ஆரம்பாக்கம், எளாவூர், சுண்ணாம்புக்குளம், கவரைப்பேட்டை என்று சுற்றி ஆட்களைச் சேர்த்துக்கொண்டு ஆலை வாசலில் இறக்குவார். வெளிவருகிறவர்களை அவரவர் வீட்டு முனையில் விடுவார். இருபது ஆண்டுகளுக்கு மேல் இதே வட்டம். கணக்குப் போட்டால் பூமியைப் பலமுறை சுற்றிய தொலைவு வரும். ஆனால் அந்த வண்டி செங்குன்றத்தைத் தாண்டியது விரல்விட்டு எண்ணக்கூடிய தடவைகள்தாம்.

“ஊரையெல்லாம் சுமக்கிற வண்டி என்னை ஒரு நாள் சுமந்ததுண்டா?” என்று அம்மா கேட்பார். சிரித்துக்கொண்டேதான் கேட்பார். ஆயினும் கேட்டுக்கொண்டே இருந்தார். வேளாங்கண்ணிக்குக்கூடத் திருவிழாக் காலச் சிறப்புப் பேருந்தில்தான் அவர் போய் வந்தார். 2021 மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலை அவரைக் கொண்டுபோயிற்று. அதன்பின் அப்பா வண்டியைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினார். நாளடைவில் மற்ற எதைப் பற்றியும் பேசுவது குறைந்தது.

வண்டியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அது பஜாஜ் டெம்போ நிறுவனத்தின் மெட்டடார். 1994ஆம் ஆண்டு வண்டி. ‘டெம்போ’ என்பதும் ‘மெட்டடார்’ என்பதும் ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து விடால் நிறுவனத்திடமிருந்து நமக்கு வந்த பெயர்கள். நம் நாட்டில் மீனும் பூவும் பள்ளிப் பிள்ளைகளும் பிணமும் மணமக்களும் ஏறிப்போன வண்டி இது. தயாரிப்பாளர்கள் 2005இல் ‘ஃபோர்ஸ் மோட்டார்ஸ்’ என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள். மெட்டடார் தயாரிப்பும் நின்றுபோயிற்று. ஆனால் எந்த வேனைக் கண்டாலும் ‘மெட்டடார்’ என்று சொல்லும் பழக்கம் கிராமங்களில் இன்னும் இருக்கிறது.

2019இல் அப்பா ஷிப்டு ஓட்டுவதை விட்டபோது, சொந்த உபயோக வண்டியாகப் பதிவை மாற்றிக்கொண்டோம். பதினைந்து ஆண்டுகளைக் கடந்த சொந்த வண்டிகளுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பது சட்டம். அந்தத் தவணை 2024 ஜூலையில் முடிவதாக இருந்தது. புதுப்பிப்பதா, பழைய இரும்புக்குக் கொடுப்பதா? வீட்டில் இதுவே கேள்வி. என் தம்பி இரும்பு உருக்கும் ஆலை ஒன்றில் பிட்டராக இருக்கிறான். எங்கள் பகுதியில் அத்தகைய உலைகளும் உருட்டாலைகளும் பல. நாடெங்கிலுமிருந்து வரும் பழைய இரும்பு ஆயிரத்து ஐந்நூறு டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் உருகி, வீடு கட்டும் கம்பியாக வெளியேறும். “அப்பா, இது நம் ஆலைக்கே வந்து சேரும். நான் கண் முன்னால் பார்க்க வேண்டியிருக்கும். ஆனாலும் கொடுத்துவிடுவதுதான் நல்லது” என்றான் தம்பி. அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது; சர்க்கரை நோய். ஒரு கண்ணில் புரை நீக்கியாயிற்று. இருட்டில் ஓட்டக் கூடாதென்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வண்டி இருந்தால் ஓட்டாமல் இருக்கமாட்டார் என்பதே தம்பியின் அச்சம்.

அப்பா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “கொடுக்கிறதுக்கு முன்னால ஒரு தடவை ரோடு முடியிற வரைக்கும் ஓட்டிப் பார்க்கணும்டா” என்றார்.

அம்மாவின் மூன்றாம் ஆண்டு நினைவுத் திருப்பலி முடிந்த மறுநாள் புறப்படுவதென்று முடிவாயிற்று. தம்பி ஒரே ஒரு நிபந்தனை விதித்தான்: விளக்குப் போடும் நேரம் வந்தால் சாவி அவன் கைக்கு வந்துவிட வேண்டும். அப்பா தலையாட்டினார். தலையாட்டியதற்கும் ஒப்புக்கொண்டதற்கும் இடையே உள்ள தூரம் எங்கள் இருவருக்கும் தெரியும்.

தச்சர் ஒருவர் இரண்டு நாளில் வேலையை முடித்தார். பின் இருக்கைகளைக் கழற்றி, இருபுறமும் ஒட்டுப்பலகையில் பெட்டி போன்ற பலகைகள் அடித்தார். பகலில் அமரலாம், இரவில் நடுவே ஒரு பலகையைப் போட்டால் மூவர் படுக்கலாம். அடியில் அரிசி, பருப்பு, பாத்திரம். குழாய் வைத்த தண்ணீர்க் கேன் ஒன்று. ஐந்து கிலோ சிறு சிலிண்டர் ஒன்று. அதை வண்டிக்கு வெளியே இறக்கி வைத்துத்தான் அடுப்பு மூட்டினோம். சன்னல்களுக்கு அம்மாவின் பழைய சுங்குடிச் சேலைகள் இரண்டைக் கிழித்துத் திரை தைத்தேன். அப்பா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

வண்டியையே வீடாக்கிக்கொண்டு ஊர் சுற்றும் வழக்கம் மேல்நாடுகளில் பெரிதும் உண்டு. வோக்ஸ்வாகன் நிறுவனம் 1950இல் தயாரிக்கத் தொடங்கிய வேனுக்குள் கட்டிலும் அலமாரியும் அமைத்துக் கொடுப்பதற்கு, ஜெர்மனியிலேயே வெஸ்ட்ஃபாலியா என்னும் நிறுவனம் முன்வந்தது. அந்த வேனின் பிற்கால வடிவம் பிரேசிலில் 2013 வரை தயாரிக்கப்பட்டதென்றால் அதன் செல்வாக்கை எண்ணிப் பாருங்கள். 1957இல் லண்டனிலிருந்து கல்கத்தாவுக்கு ஒரு பேருந்தே பயணிகளை ஏற்றி வந்தது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இத்தகைய வேன்களில் துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தானம் வழியாக எத்தனையோ இளைஞர்கள் இந்தியாவுக்கு வந்தார்கள். 1979இல் ஈரானில் புரட்சியும் ஆப்கானிஸ்தானத்தில் சோவியத் படையும் அந்த வழியை அடைத்துவிட்டன. நம் பக்கத்தில் கேரள அரசு 2021இல் இத்தகைய சுற்றுலா வண்டிகளுக்கென்றே ஒரு கொள்கை அறிவித்தது.

ஆனால் இதையெல்லாம் புதுமை என்று சொன்னால் எளாவூரில் நிற்கும் லாரிக்காரர்கள் சிரிப்பார்கள். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் படுக்கை, பக்கவாட்டில் தண்ணீர்க் குடம், நிழல் கண்ட இடத்தில் அடுப்பு, முன்கண்ணாடிக்கு மேல் சாமி படம்: வண்டியில் குடியிருக்கும் கலையை அவர்களைவிட யார் அறிவார்? வேறுபாடு ஒன்றே. நாங்கள் விரும்பிப் போனோம். அவர்கள் பிழைப்புக்காகப் போகிறார்கள்.

புறப்பாடு பழவேற்காட்டில். தமிழகக் கடற்கரையின் வடகோடி அதுதான். கும்மிடிப்பூண்டிக்காரர்கள் கடல் என்றால் அதையே நினைப்பார்கள். டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்துக்கு எதிரே வண்டியை நிறுத்தி, மூவரும் ஒரு பத்துமணி ஜெபமாலை சொல்லிவிட்டுக் கிளம்பினோம். மீஞ்சூரிலிருந்து வண்டலூருக்குச் செல்லும் வெளிவட்டச் சாலை பிடித்து, கேளம்பாக்கம், கோவளம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையை அடைந்தோம். ஐம்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் அப்பா போகவில்லை. எல்லாரும் எங்களைக் கடந்து போனார்கள். சிலர் கண்ணாடியை இறக்கிக் கையசைத்தார்கள். ஒருவர் வண்டியை விற்பீர்களா என்று ஓடிக்கொண்டிருக்கும்போதே கேட்டார்.

மே மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடலில் விசைப்படகுகள் மீன் பிடிக்கத் தடை. ஆகவே நாங்கள் கண்ட துறைமுகங்களிலெல்லாம் படகுகள் உடலோடு உடல் ஒட்டி நின்றன. எங்கும் வண்ணம் பூசும் மணம், பலகை அடிக்கும் ஓசை, நிழலில் வலை பின்னும் ஆட்கள். வருடம் முழுவதும் ஓடுகிற ஒரு கடற்கரை இரண்டு மாதம் உட்கார்ந்திருப்பதைக் காண்பதற்கு அதைவிட நல்ல காலம் இல்லை. நாகப்பட்டினத்தில் அப்பா ஒரு படகின் என்ஜினைப் பழுதுபார்ப்பவர்களோடு ஒன்றரை மணி நேரம் நின்றார். மூன்று ஆண்டுகளாக எங்களிடம் பேசாத பேச்சையெல்லாம் அங்கே பேசினார் போலும்! தம்பி கடிகாரத்தைப் பார்த்தான். நான் அவனைத் தடுத்தேன்.

ஊர்களை வரிசையாகச் சொல்லி வாசகர்களைச் சலிக்கச் செய்ய விரும்பவில்லை. தரங்கம்பாடியில் 1620இல் டேனியர் கட்டிய கோட்டை நிற்கிறது. அதே கரையில் பாண்டியன் எடுப்பித்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதை இக்கரையில் யாரும் மறக்கவில்லை. வேளாங்கண்ணியைப் பற்றி நம் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே அப்பா மெழுகுவத்தி ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து, வண்டியின் இடப்பக்கக் கதவைத் துணியால் துடைத்தார். வலப்பக்கத்தைத் துடைக்கவில்லை. அம்மா ஏறியிருந்தால் ஏறியிருக்கும் பக்கம் அது.

வேதாரணியத்தில் உப்பு அறுவடைக் காலம். 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து இராஜாஜி நடந்து வந்து உப்பெடுத்த மண் அது. நெஞ்சில் நிற்பது அந்த வரலாறன்று. வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க விடியலுக்கு முன்பே பாத்தியில் இறங்கிவிடும் பெண்களின் கால்கள்தாம் நிற்கின்றன. உப்பு நீரில் ஊறி வெடித்த பாதங்கள். என் கையால் வைத்த காபியை ஒரு மூதாட்டிக்குக் கொடுத்தேன். “வண்டியிலேயே குடும்பமா? வீடு இல்லையா தாயி?” என்று இரக்கத்தோடு கேட்டார்.

இனி, பயணக் கட்டுரைகளில் எவரும் எழுதாத ஒன்றை எழுதுகிறேன். வண்டியில் படுக்கை உண்டு, அடுப்பு உண்டு; கழிப்பிடம் இல்லை. ஆண்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. எனக்கு ஒவ்வொரு மாலையும் அதுவே கவலை. எங்கே தங்குவது என்பதை இயற்கை அழகு முடிவு செய்யவில்லை. பூட்டாத கழிப்பறை உள்ள பெட்ரோல் நிலையம் எது என்பதே முடிவு செய்தது. சில இடங்களில் சாவி கேட்டால் ‘மேனேஜர் எடுத்துப் போய்விட்டார்’ என்பார்கள். கோவில் வளாகங்களும் பங்கு ஆலய முற்றங்களும் பலமுறை எங்களைக் காத்தன. நம் நெடுஞ்சாலைகள் ஆண்களுக்காக, அதிலும் லாரி ஓட்டும் ஆண்களுக்காக அமைந்தவை. சுற்றுலாக் கொள்கை எழுதுகிறவர்கள் முதலில் ஒரு பெண்ணை அந்தச் சாலையில் நான்கு நாள் அனுப்பி வைத்தால் நன்று.

அதிராம்பட்டினத்துக்குச் சற்று முன்பு வண்டி இருமி, இழுத்து, நின்றது. தம்பி பானெட்டைத் திறப்பதற்குள் அப்பா, “டீசல் லைன்ல காத்து ஏறிடுச்சு. எங்கேயோ ஹோஸ் வெடிச்சிருக்கு, பாரு” என்றார். அவர் இறங்கவே இல்லை. காதால் கேட்டே சொன்னார். விரலால் தடவிப் பார்த்தபோது பில்டருக்குப் போகும் குழாயில் மயிரிழை போன்ற ஒரு விரிசல். கைபேசியில் பிடித்த ஒரு மெக்கானிக் இருசக்கர வண்டியில் வந்தார், அறுபது வயதிருக்கும். மெட்டடாரைக் கண்டதும் முகம் மலர்ந்தது. ஒரு காலத்தில் இந்தக் கரையில் மீன் ஏற்றியதெல்லாம் இந்த வண்டிதான் என்றார். தம் பட்டறைப் பரணிலிருந்து பழைய குழாய் ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து பொருத்தி, கை பம்பை அழுத்திக் காற்றை வெளியேற்றி, இருநூறு ரூபாய்தான் வாங்கினார். புறப்படும்போது அப்பாவிடம், “ஐயா, இதைக் கொடுத்துடாதீங்க” என்றார். தம்பி என்னைப் பார்த்தான்.

அந்தத் தாமதத்தால்தான் மறுநாள் மாலை, தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையில், வெளிச்சம் மங்கும்போதும் அப்பாவே ஓட்டிக்கொண்டிருந்தார். தம்பி இருமுறை, “அப்பா, போதும்” என்றான். “இதோ, அடுத்த ஊர்” என்றார். சாலையின் இருபுறமும் கருவேலங்காடு. ஓர் ஆட்டுக்கிடை சாலையைக் கடந்துகொண்டிருந்தது. எனக்குத் தெரிந்தது, தம்பிக்குத் தெரிந்தது. அப்பாவுக்குத் தெரியவில்லை. தம்பி கத்திய பிறகே பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றபோது ஆடு மேய்க்கும் சிறுவன் விளக்கின் ஒளியில் எட்டடி தூரத்தில் நின்றான். ஆடுகளை எண்ணினான், பிறகு எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஓட்டிக்கொண்டு போனான்.

நாங்கள் பேசவில்லை. அப்பா என்ஜினை அணைத்தார். ஸ்டியரிங்கின் மீது இரு கைகளையும் வைத்தபடி சிறிது நேரம் இருந்தார். பிறகு கதவைத் திறந்து இறங்கி, வண்டியை முன்பக்கமாகச் சுற்றி நடந்து வந்து, இடப்பக்கக் கதவருகே நின்று, “தம்பி, நீ எடு” என்றார். சாவி வண்டியிலேயே இருந்தது. தம்பி நகர்ந்து அமர்ந்தான். அப்பா இடப்பக்க இருக்கையில் ஏறி, “இங்கேர்ந்து பார்த்தா வேற மாதிரி இருக்கு” என்றார். அவ்வளவுதான். அதன்பின் அந்தப் பயணத்தில், பகலிலும்கூட, அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

எத்தனை முறை வாதாடியும், மருத்துவர் எச்சரித்தும் நடவாதது அந்தச் சிறுவன் ஆடுகளை எண்ணிய நேரத்தில் நடந்துவிட்டது. ஓட்டுநராக வாழ்ந்த ஒரு மனிதருக்கு ஓட்டுவதை விடுவது என்றால் என்ன என்பதை நான் அன்றிரவு எண்ணிப் பார்த்தேன். தேவிபட்டினத்தில் பலகையில் படுத்திருந்தபோது, அவர் தூங்கவில்லை என்பது மூச்சில் தெரிந்தது.

இராமேசுவரத்துக்குப் போகும் பாலத்தில், பக்கத்தே புதிய ரயில் பாலத்தின் வேலை நடந்துகொண்டிருந்தது. அது 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. 1914இன் பழைய பாலமும் அருகே நின்றது. தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயல் விட்டுச்சென்ற தேவாலயச் சுவர்களின் நிழலில் சோறு சாப்பிட்டோம். புயல் ஒரு ரயிலையே பயணிகளோடு விழுங்கிய செய்தி வந்தபோது அப்பாவுக்குப் பன்னிரண்டு வயது. ஊர்த் தேநீர்க் கடையில் ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிக்க, கூட்டத்தோடு நின்று கேட்டாராம். “ரயில் ஓட்டினவர் யாருன்னு அப்போ யோசிச்சேன்” என்றார். அம்மாவைப் பற்றியும் அங்கேதான் முதன்முதலாகப் பேசினார். “அவ கேட்டப்போ எல்லாம் ஷிப்டு இருந்துது. ஷிப்டு இல்லாதப்போ தூக்கம் வந்துது” என்றார்.

தூத்துக்குடிப் பக்கத்தில் முந்தைய டிசம்பர் வெள்ளத்தின் வடு மாறவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் தொண்ணூறு சென்டிமீட்டருக்கு மேல் பெய்த மழை அது. சுவர்களில் நீர் நின்ற கோடு ஆள் உயரத்துக்குத் தெரிந்தது. மணப்பாடு, உவரி, கூடங்குளம் கடந்து, ஒன்பதாம் நாள் நண்பகலில் குமரிமுனை. அங்கே வண்டி நிறுத்த இடம் தேடவே ஒரு மணி நேரம் ஆயிற்று. சாலை முடியும் இடம் என்று நாங்கள் எண்ணி வந்தது கார்களும் சங்குக் கடைகளும் நிறைந்த ஒரு சந்து! அப்பா வாய்விட்டுச் சிரித்தார்.

டீசல் லிட்டர் 92 ரூபாய். வண்டி லிட்டருக்குப் பதினொரு கிலோமீட்டர் கொடுத்தது. திரும்பும்போது மதுரை, திருச்சி வழியாக இரண்டே நாளில் வந்துவிட்டோம். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஜூலையில் தம்பியே வண்டியை ஆய்வுக்குக் கொண்டுபோனான். விளக்கு, பிரேக், புகை எல்லாம் பார்த்து, பதிவை 2029 வரை புதுப்பித்துக் கொடுத்தார்கள். இரும்புக்குக் கொடுப்பதைப் பற்றி முதலில் பேசியவன் அவன்தான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியைக் கழுவுகிறவனும் அவனே. அதே ஆண்டு செப்டம்பரில் அப்பாவின் ஓட்டுநர் உரிமம் முடிந்தது. புதுப்பிக்க விண்ணப்பம் வாங்கி வரவா என்று கேட்டேன். வேண்டாமென்றார்.

சென்ற வாரம் அவர் வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்து, சாலையில் போகும் லாரிகளின் எண் பலகைகளைப் படித்துக்கொண்டிருந்தார். ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தார். பிறகு தம்பியை அழைத்து, “தெற்கே பார்த்தாச்சு. வடக்கே இந்த ரோடு கல்கத்தா போய்ச் சேர எத்தனை நாள் ஆகும்டா, ஐம்பதுல போனா?” என்று கேட்டார். தம்பி உள்ளே போய்ப் பேனாவும் காகிதமும் கொண்டுவந்தான்.